நிமிர்ந்து நிற்கும் தண்ணீர்!

உங்கள் பாத்ரூம் அலமாரியில் ஒரு டியூப் இருக்கும். தலைக்கு வைக்கிற ஜெல்லோ, ஷேவிங் முடித்துத் தடவுகிற ஜெல்லோ. அல்லது மனைவி தனக்கென்று வாங்கி வைத்து, நீங்கள் திருட்டுத்தனமாக முகத்தில் பூசிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்புகிற கற்றாழை ஜெல். அதிலிருந்து கொஞ்சம் பிதுக்கி ஒரு தட்டில் வையுங்கள். கோபுரம் மாதிரி நிற்கும். கண்ணாடி மாதிரி பளபளக்கும்.

இப்போது சமையலறைக்குப் போய் ஒரு சிட்டிகை உப்பு எடுத்து வந்து அதன் தலையில் தூவி, ஸ்பூனால் கலக்குங்கள்.

கோபுரம் காலி! தட்டில் ஓடுவது தண்ணீர்.

பதற வேண்டாம். உங்களை யாரும் ஏமாற்றவில்லை. (முழுசாக ஏமாற்றவில்லை.) நீங்கள் காசு கொடுத்து வாங்கியதே பெரும்பாலும் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை இத்தனை நாள் நிமிர்ந்து நிற்க வைத்தது ஒரு வெள்ளைப் பொடி. நூறு கிராம் டியூபில் அது அரை கிராம் அளவுக்குத்தான் இருக்கும். பெயர் கார்போமர். டியூபைத் திருப்பி, லென்ஸ் வைத்துப் படிக்க வேண்டிய சைஸில் அச்சடித்திருப்பார்களே, அந்தப் பட்டியலில் தேடுங்கள். அநேகமாக அகப்படும்.

இந்த ஆசாமியை எனக்கு அறிமுகப்படுத்தியது காலேஜ் இல்லை. நான் படித்தது பி.காம். பி.காம். படித்தவனுக்குக் குடும்பத்தில் ஒரு நிரந்தர உத்தியோகம் உண்டு. கல்யாண மண்டப பாக்கி, ஏலச்சீட்டுத் தகராறு, மாமனார் நிலத்தின் கிரயம் என்று எதில் ஒரு நம்பர் தென்பட்டாலும் "அவரைக் கூப்பிடு!" அப்படித்தான் மச்சினன் கூப்பிட்டான். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே மேலகரத்தில் வீடு.

"அத்தான், ஒரு பிசினஸ் ஆரம்பிச்சிருக்கேன். லாபக் கணக்கு மட்டும் போட்டுக் குடுங்க."

'ஆரம்பிக்கப் போறேன்' இல்லை. 'ஆரம்பிச்சிருக்கேன்'! அதாவது, அவன் மனைவியின் நாலு பவுன் செயின் பாங்குக்குப் போய் ஒரு மாசம் ஆகியிருந்தது.

அவன் யோசனை தப்பு என்று சொல்ல மாட்டேன். ஜூன் பிறந்து சாரல் விழ ஆரம்பித்தால் குற்றாலத்துக்கு ஜனம் அலைமோதும். மெயின் அருவியில் நனைந்து, ஐந்தருவியில் வரிசை கட்டி, பழைய குற்றாலத்தில் இடிபட்டு, பார்டர் கடையில் புரோட்டாவும் கோழியும் அடித்துவிட்டு, ஊருக்குத் திரும்பும்போது சிப்ஸ், மங்குஸ்தான், ஒரு பாட்டில் 'மூலிகை' எண்ணெய் என்று ஏதாவது வாங்காமல் போகிறவர் கிடையாது. அந்தப் பையில் ஒரு கற்றாழை ஜெல்லும் ஏறக் கூடாதா? கற்றாழை வேலியோரம் சும்மா கிடக்கிறது. காசா, பணமா?

அங்கேதான் கற்றாழை காலை வாரியது. மடலைக் கீறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே சோறு எப்படிக் கட்டியாக நிற்கிறது என்று. அதை வழித்து மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றியதுமே நுரைத்து இளகிவிட்டது. ராத்திரிக்குள் பாட்டிலில் கஞ்சித் தண்ணீர். மூன்றாம் நாள் வாடை. செடிக்குள் அதைக் கட்டி வைத்திருப்பது மெல்லிய செல் சுவர்களும் நீளநீளமான சர்க்கரைச் சங்கிலிகளும். மிக்ஸி ஒரு பக்கம் கிழிக்க, செடியின் என்சைம்களும் கிருமிகளும் இன்னொரு பக்கம் வெட்ட, மிஞ்சுவது வழவழப்பான நீர்தான். இவன் மதுரைக்குப் போய் ஒரு கெமிக்கல் கடையில் புலம்பியிருக்கிறான். கடைக்காரர் சிரித்தாராம். "கடையில நிக்கிற ஜெல்லெல்லாம் கற்றாழையாலயா நிக்குதுன்னு நெனச்சீங்க?" என்று ஒரு கிலோ வெள்ளைப் பொடியை நிறுத்துக் கொடுத்தார். ஆயிரத்து இருநூறு ரூபாய்.

நான் போனபோது அந்த டப்பா அடுக்களை மேடையில் மைதாவுக்குப் பக்கத்தில் இருந்தது. திறந்து பார்த்தேன். பஞ்சு மாதிரி லேசு. மூச்சு விட்டால் பறக்கிறது.

இதன் பூர்வீகத்தைத் தேடினால் வேடிக்கை. கண்டுபிடித்தது பவுடர் கம்பெனியோ, ஸ்நோ கம்பெனியோ இல்லை. டயர் கம்பெனி! அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து பி.எஃப். குட்ரிச். 1957இல் பேட்டன்ட் வாங்கி, கார்போபால் என்று பெயர் சூட்டி விற்றார்கள். பிறகு அந்த கெமிக்கல் பிரிவு கைமாறி, லூப்ரிசால் என்ற கம்பெனிக்குப் போயிற்று. லூப்ரிசாலை 2011இல் சுமார் 900 கோடி டாலருக்கு வாங்கியவர் யார் தெரியுமா? ஷேர் மார்க்கெட் வாசகர்கள் எழுந்து நிற்கலாம். வாரன் பஃபெட்! இன்று கார்போமரைப் பல நாடுகளில் பல பேர் தயாரிக்கிறார்கள். கார்போபால் என்ற பெயர் மட்டும் அவர்களுடையது.

சரி, அரை கிராம் பொடி எப்படி நூறு கிராம் தண்ணீரைக் கட்டிப் போடுகிறது?

பெட்ரோலியத்திலிருந்து புரொப்பிலீன், புரொப்பிலீனிலிருந்து அக்ரிலிக் அமிலம். அந்த அமிலத்தின் மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் கோத்தால் நீளமான சங்கிலி. சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையே அங்கங்கே ஒரு கொக்கி போட்டால் கார்போமர். இதைத் தண்ணீரில் தூவினால் முதலில் ஒன்றும் நடக்காது. அவசரப்பட்டுக் கொட்டினால் உப்புமாவில் ரவை கட்டி தட்டுகிற மாதிரி தட்டும். பொறுமையாக ஊற வைத்தால் கலங்கலாக, புளிப்பாக, ஓடுகிற தண்ணீராகவே இருக்கும். அதில் ட்ரைஎத்தனோலமைன் மாதிரி ஒரு காரப் பொருளைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கண்ணெதிரே கலங்கல் தெளிந்து, கெட்டிப்பட்டு, ஸ்பூன் நட்டால் நிற்கும்! மச்சினன் செய்து காட்டியபோது நான் கை தட்டிவிட்டேன்.

உள்ளே நடப்பது கூட்டுக் குடும்பத்துக் கதை. காரம் விழுந்ததும் சங்கிலியில் உள்ள ஒவ்வொரு கண்ணியும் மைனஸ் மின்சாரம் ஏற்றிக்கொள்கிறது. மைனஸுக்கு மைனஸைக் கண்டால் ஆகாது. ஒருத்தரை ஒருத்தர் தள்ளிக்கொண்டு எட்டிப் போகப் பார்ப்பார்கள். ஆனால் சொத்து பாகம் பிரியவில்லை. கொக்கி பிடித்து வைத்திருக்கிறது. போகவும் முடியாமல், நெருங்கவும் பிடிக்காமல், ஆளுக்கு ஒரு மூலையாக விறைத்துக்கொண்டு வீடு முழுக்க நிறைந்து நிற்பார்கள். தன் பருமனைப் போல் ஆயிரம் மடங்கு வரை உப்பும். இடையில் இருக்கிற காலியிடமெல்லாம் தண்ணீர். அதுதான் ஜெல்.

உப்பு என்ன செய்கிறது? பஞ்சாயத்து! உப்பிலுள்ள பிளஸ் சோடியம் உள்ளே புகுந்து மைனஸ்களைச் சமாதானப்படுத்துகிறது. பகை அடங்கியதும் விறைப்புப் போய் எல்லோரும் சுருங்கி உட்கார்ந்துவிடுகிறார்கள். தண்ணீர் வெளியே வருகிறது. உங்கள் முகத்தில் வியர்வை உப்பு உண்டல்லவா? டியூபில் விறைத்து நின்ற ஜெல், கன்னத்தில் பட்டதும் குளுகுளுவென்று தண்ணீராய்ப் பரவும் ரகசியத்தில் அந்த உப்புக்கும் பங்கு உண்டு. 'தோல் உடனே உறிஞ்சிவிட்டது' என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

மச்சினனுக்கு இடி இறங்கியது இந்த உப்பு விஷயத்தில்தான். கற்றாழைச் சாற்றிலும் இயற்கையான உப்புகள் இருக்கின்றன. பொட்டாசியம், கால்சியம் இத்யாதி. ஆகவே நிஜக் கற்றாழையை நீங்கள் கூட்டக் கூட்ட, கார்போமர் இளகும். கற்றாழையைக் குறைத்தால் ஜெல் ஜம்மென்று நிற்கும். தர்ம சங்கடம்! இதற்காகவே உப்பைத் தாங்கும் ரகங்களும் உண்டு, விலையும் உண்டு. இன்னொரு வழி, கற்றாழைத் தூள். ஒரு பங்கு தூளுக்கு 199 பங்கு தண்ணீர் விட்டால் கற்றாழைச் சாறு ரெடி. அதைக் கொண்டு செய்துவிட்டு '99 சதவிகிதம் கற்றாழை' என்று லேபிளில் போட்டால், அந்த 99க்குள் தண்ணீர் எவ்வளவு என்று பெருக்கிப் பார்க்கப் போகிறவர் யார்?

கணக்குக்கு வருகிறேன். ஒரு கிலோ பொடி, அரை சதவிகிதம் வீதம், 200 கிலோ ஜெல்லுக்குக் காணும். நூறு கிராம் பாட்டில் 2,000. ஆயிரத்து இருநூறைப் பங்கிட்டால் பாட்டிலுக்கு அறுபது பைசா! மச்சினன் பில்களின்படி பாட்டில், மூடி, லேபிள் மூன்றும் சேர்ந்து பதினாலு ரூபாய். உள்ளே இருக்கிற சரக்கு எல்லாம் சேர்ந்து மூணு ரூபாயைத் தாண்டவில்லை. அவன் வைக்க நினைத்த விலை நூற்றிருபது. "அத்தான், பாத்தீங்களா! நூறு ரூவா லாபம்!" என்றான். கண்ணில் செயின் பளபளத்தது.

இந்தக் கணக்கு நமக்குப் புதிது இல்லை. கடலூர் சின்னிகிருஷ்ணன் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று கண்டவர். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் பதினைந்தாயிரம் ரூபாய் முதலில் சிக் ஷாம்பு ஆரம்பித்து, அதுவே பின்னால் கெவின்கேர் ஆயிற்று. அழகுப் பொருளில் சரக்கு விலையைவிட, அதை எப்படிக் கையில் கொண்டு சேர்க்கிறோம் என்பதில்தான் காசு. தமிழ்நாட்டுக்காரனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் செய்த ஒரு காரியத்தை மச்சினன் செய்யவில்லை. லைசென்ஸ்!

"வீட்டுல செஞ்சு விக்கிறதுக்கு எதுக்கு லைசென்ஸு? முறுக்கு விக்கிற மாதிரிதான?"

இல்லை மாப்ளே. முறுக்குக்கே உணவுத் துறையில் பதிய வேண்டும். முகத்தில் பூசுகிற எதையும் விற்பனைக்குத் தயாரிக்க, 1940ஆம் வருஷத்து மருந்து மற்றும் அழகுப் பொருள் சட்டமும், அதன்கீழ் வந்த 2020ஆம் வருஷத்து விதிகளும் மாநில அதிகாரியிடம் லைசென்ஸ் கேட்கின்றன. 'கையால் செய்தது', 'இயற்கை', 'பாட்டி வைத்தியம்' என்று ஸ்டிக்கர் ஒட்டினால் விலக்கு கிடையாது. சொந்தமாகத் தொழிற்கூடம் கட்ட முடியாதவர்களுக்கு ஒரு வாசல் உண்டு. லோன் லைசென்ஸ். லைசென்ஸ் உள்ள இன்னொருவர் கூடத்தில் உங்கள் பெயரில் தயாரித்துக்கொள்ளலாம்.

சட்டத்தை விடுங்கள். அதற்கு முன்னாலேயே சரக்கு பேசிவிட்டது. முதலில் போட்ட நாற்பது பாட்டிலில் பத்தை, தெரிந்தவர்கள், பக்கத்து வீடு, ஒரு லாட்ஜ் வரவேற்பறை என்று விற்றிருந்தான். 'கெமிக்கல் கலக்காதது' என்று சொல்லி விற்க வேண்டுமே என்று, கெடாமல் காக்கும் மருந்து எதுவும் போடவில்லை. தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் தண்ணீர், கொஞ்சம் கற்றாழைச் சர்க்கரை, தென்காசி வெயில்... பூஞ்சைக்கு இதைவிட நல்ல லாட்ஜ் குற்றாலத்தில்கூடக் கிடைக்காது. பன்னிரண்டாம் நாள் கறுப்புப் புள்ளி. மூன்று பாட்டில் திரும்பி வந்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தாடையில் தடிப்பு. நல்லவேளை, நாலு நாளில் வாடிவிட்டது. அன்றைக்கு மச்சினன் சாப்பிடவில்லை. மீதி ஏழு பாட்டிலையும் வீடு வீடாகப் போய், காசைக் கொடுத்துத் திரும்ப வாங்கி வந்தான். அதற்காக அவனை எனக்குப் பிடிக்கும்.

கார்போமர் மேலேயே பழி போடலாமா? கூடாது. அதன் மூலக்கூறு தோலுக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரிசு. அமெரிக்காவில் அழகுப் பொருள்களைப் பரிசீலிக்கும் நிபுணர் குழு 1982லேயே பாதுகாப்பானது என்று சொல்லிவிட்டது. மூட்டுவலிக்குத் தேய்க்கும் ஜெல், ஸ்கேன் சென்டரில் வயிற்றில் சில்லென்று பூசுவது, கண் வறட்சிக்கு விடும் ஜெல் எல்லாவற்றிலும் இது உண்டு. 2020 கொரோனாவில் சானிடைசர் ஜெல்லுக்காக உலகமே இந்தப் பொடிக்கு அலைந்தது. கிடைக்காத கம்பெனிகள் தண்ணீராகவே ஸ்ப்ரே பாட்டிலில் அடைத்து விற்றன. குழந்தைக்குக் கட்டும் டயாப்பரில் ஈரம் குடிக்கிறதே, அது இதற்குச் சித்தப்பா மகன். முகத்துக்குப் பூசுவதும் அங்கே கட்டுவதும் ஒரே வம்சம்!

ஆனால் எந்தக் கார்போமர் என்று கேட்க வேண்டும். அதில்தான் விஷயம். மச்சினன் டப்பா மேல் ஸ்கெட்ச் பேனாவில் '940' என்று எழுதியிருந்தது. அது ரகத்தின் நம்பர். 934, 940, 941 என்ற பழைய ரகங்களைத் தயாரிக்கும்போது கரைப்பானாக பென்சீன் பயன்பட்டது. பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் சாமான், சந்தேகத்துக்கு இடமில்லை. காய வைத்தாலும் பொடியில் கொஞ்சம் தங்கும். பென்சீன் இல்லாமல் செய்யும் புது ரகங்கள் வந்து எவ்வளவோ காலமாயிற்று. 940க்குப் பதில் 980. 2023 டிசம்பரில் அமெரிக்க எஃப்.டி.ஏ., பென்சீன் வழியில் தயாரித்த கார்போமர் உள்ள மருந்துகளை மாற்றிச் செய்யுங்கள் என்று கம்பெனிகளுக்கு வழிகாட்டிக் குறிப்பே வெளியிட்டது. பெரிய கம்பெனி சப்ளையரிடம் டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டு வாங்கும். கெமிக்கல் கடையில் உதிரியாக நிறுத்து வாங்குகிறவனுக்கு ரிப்போர்ட்டும் இல்லை, தயாரித்தவர் பெயரும் இல்லை. பென்சீன் இருக்கிறதா என்று மூக்கால் கண்டுபிடிக்க முடியாது. அந்த டப்பாவை மைதா பக்கத்திலிருந்து நான்தான் எடுத்து வைத்தேன்.

நீங்கள் தயாரிக்கப் போவதில்லை, வாங்கத்தான் போகிறீர்கள். உங்களுக்கு லேபிள் படிக்கிற ஒரு குறுக்கு வழி சொல்கிறேன். ஒரு சதவிகிதத்துக்கு மேல் இருக்கும் பொருள்களை அளவு வாரியாக, பெரிசு முதலில், இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. ஒரு சதவிகிதமும் அதற்குக் குறைவாகவும் இருப்பவற்றை அதன் பின்னால் எப்படி வேண்டுமானாலும் கலைத்துப் போடலாம். பீனாக்ஸிஎத்தனால் என்று ஒரு காப்பு மருந்து பல பாட்டில்களில் இருக்கும். அதை ஒரு சதவிகிதத்துக்கு மேல் போட அனுமதி இல்லை. ஆகவே அதற்குப் பின்னால் வருகிற எல்லாமே ஒரு சதவிகிதத்துக்குள்தான்! உங்கள் டியூபில் படம் போட்டிருக்கிற குங்குமப்பூ, சந்தனம், கற்றாழை எல்லாம் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று பாருங்கள். ஆபீசில் மத்தியான டீ இடைவேளைக்கு நல்ல பொழுதுபோக்கு.

இன்னொரு வித்தை. 'பீலிங் ஜெல்' என்று ஒன்று விற்கிறார்கள். முகத்தில் தேய்த்தால் உருண்டை உருண்டையாக அழுக்கு வருகிறதாம். செத்த தோலாம். சலூனில் கண்ணாடி முன்னால் உட்கார வைத்துக் காட்டும்போது, 'இத்தனை அழுக்கையா இத்தனை நாள் சுமந்தோம்!' என்று நமக்கே வெட்கமாகிவிடும். இந்த ரக ஜெல்களில் மைனஸ் கார்போமரும், பிளஸ் மின்சாரம் கொண்ட கண்டிஷனர் பொருளும் இருக்கும். தேய்க்கத் தேய்க்க இரண்டும் கைகோத்துத் திரண்டு உருள்கின்றன. அதே ஜெல்லைக் கழுவித் துடைத்த எவர்சில்வர் தட்டில் தேய்த்துப் பாருங்கள். தட்டுக்கும் 'செத்த தோல்' உரியும்! சாதாரண ஜெல்லுக்கு மேல் சன்ஸ்க்ரீன் பூசும்போது சில சமயம் துகள் துகளாய் வருவதும் இந்த மாதிரிச் சண்டைதான்.

கடைசியாக, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

மேற்கே செங்கோட்டை தாண்டி, ஆரியங்காவு கணவாயில் இறங்கினால் கேரளா. அங்கே கொச்சி அம்பலமுகள் ரிஃபைனரியில் அக்ரிலிக் அமிலம் தயாரிக்கும் ஆலையை 2021 பிப்ரவரியில் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதுவரை நாம் பெரும்பாலும் இறக்குமதியை நம்பியிருந்தோம். பெயின்ட், பசை, டயாப்பர் எல்லாவற்றுக்கும் அதுதான் மூலப்பொருள்; கார்போமருக்கும் அதே அமிலம்தான். மலைக்கு அந்தப் பக்கம் அமிலம், இந்தப் பக்கம் அருவி.

குற்றாலத்து அருவிகளில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவும், சோப்பு, ஷாம்பு போடவும் 2014இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை தடை விதித்தது. தடை வந்தும் பாறை இடுக்கில் ஷாம்பு பாக்கெட் கிடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தலையில் ஜெல், முகத்தில் சன்ஸ்க்ரீன் என்று பூசிக்கொண்டு அருவிக்கடியில் நிற்கிற நம்ம இளவட்டங்களை யார் சோதிப்பது? அந்தத் தண்ணீர் சிற்றாறாகித் தென்காசி வயல், குளங்களைத் தொட்டு, சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில் சேருகிறது. அதற்குக் கீழே தூத்துக்குடி வரை அதைக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கார்போமர் லேசில் மட்கிப் போகிற பொருள் இல்லை. முகம் தேய்க்கும் கிரீம்களில் இருந்த பிளாஸ்டிக் மணிகளை அமெரிக்கா 2015இல் சட்டம் போட்டு விலக்கியது. ஐரோப்பிய யூனியன் 2023இல் நுண்பிளாஸ்டிக்குக் கடிவாளம் போட்டபோது, தண்ணீரில் கரையும் பாலிமர்களை அதில் சேர்க்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிற மணியைப் பிடித்தாயிற்று. கரைந்து போகிற சங்கிலி இன்னும் ஜாமீனில் இருக்கிறது. என் கட்சி, அருவிக்குப் போகிற அன்றைக்கு ஒரு நாள் கலைந்த தலையோடு போகலாம் என்பது. அருவி எப்படியும் கலைக்கத்தான் போகிறது!

மச்சினன் இப்போது லோன் லைசென்ஸுக்கு ஒரு கூடத்தைப் பிடித்திருக்கிறான். போன் பண்ணி, "980ன்னு கேளுங்க, ரிப்போர்ட் காட்டுங்கன்னு சொன்னேன் அத்தான். அந்தாளு என்னை ஒரு மாதிரி பாத்து 'நீங்க கெமிஸ்ட்ரியா?'ன்னு கேக்காரு" என்றான், ரொம்பப் பெருமையாக. காப்பு மருந்துக்கும் ஒப்புக்கொண்டான். டெஸ்ட், கூடத்து வாடகை, வரி எல்லாம் ஏற்றிப் புதுக் கணக்கு போட்டுக் கொடுத்தேன். கடைக்காரர் கமிஷனும் போனால் பாட்டிலுக்கு நூறு இல்லை, இருபத்திரண்டு ரூபாய் நிற்கிறது. செயினை மீட்க ஆயிரக்கணக்கில் பாட்டில் போக வேண்டும். இரண்டு சீசன் ஆகலாம். தங்கச்சி, "அண்ணே, அதுவரைக்கும் கவரிங் போட்டுக்கிடுதேன்" என்றாள். 'கற்றாழை ஜெல்' என்று போடுவதா, 'கற்றாழை சேர்ந்த ஜெல்' என்று போடுவதா என்பதில் எனக்கும் அவனுக்கும் இன்னும் தீரவில்லை.

அந்தப் பழைய டப்பாவில் தொள்ளாயிரம் கிராம் மிச்சம். விற்ற கடை திருப்பி எடுக்க மறுத்துவிட்டது. குப்பையிலும் கொட்ட மனமில்லை. டேப் சுற்றிப் பரணில் ஏற்றியிருக்கிறான். நஷ்டப் பக்கத்தில் ஆயிரத்து இருநூறு என்று எழுதியிருக்கிறேன்.